உல்கு பொருள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

எங்கள் ஊர் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய பேரூர் அது. தாமிரபரணியின் வண்டல் மேட்டால் கடல் சில கல் தொலைவு விலகிவிட்டது. இன்று கப்பலைக் காணத் தூத்துக்குடிக்குத்தான் செல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வெழுதிச் சுங்கத்துறையில் சேர விரும்புகிறேன். இதைக் கேட்ட அண்டைவீட்டுப் பெரியவர், "நல்லது தம்பி, அரசாங்க வேலை என்றால் மேல்வரும்படியும் இருக்குமே!" என்றார். வாழ்த்தாகத்தான் சொன்னார், எனக்கோ நெஞ்சில் சுருக்கென்றது.

சுங்கம் தமிழருக்குப் புதிதன்று. 'உல்கு' என்பது அதன் பழம்பெயர். வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வள்ளுவர் அதை எண்ணுகிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. முதற் குலோத்துங்கனோ 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் பெற்றான்.

இன்று 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி பணி நடக்கிறது. இறக்குமதியாளர் பண்டத்தின் வகை, அளவு, விலை ஆகியவற்றைக் குறித்து 'பில் ஆஃப் என்ட்ரி' அளிக்கிறார். 2011 முதல் தீர்வையையும் அவரே கணக்கிடுகிறார். எல்லாப் பெட்டிகளையும் பிரிப்பதில்லை. ஐயத்துக்குரியவற்றைக் கணிப்பொறி தேர்ந்து காட்ட, அதிகாரிகள் சோதிக்கின்றனர். வரி வாங்குவதோடு வேலை முடிவதில்லை. 2001இல் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக அறிவிக்கப்பட்ட கடல் அட்டையை இலங்கைக்குக் கடத்துவோரைத் தடுப்பதும் இவர்கள் கடமையே.

இங்கே வேதியியலுக்கும் இடமுண்டு. கச்சாப் பாமாயிலுக்கு ஒரு தீர்வை, சுத்திகரித்ததற்கு வேறொரு தீர்வை. வந்திருப்பது எது என்று ஐயம் எழுந்தால் மாதிரியெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். எண்ணெயிலுள்ள அமிலத்தின் அளவு அதைக் கண்டறிய உதவும். நாம் செய்முறை வகுப்பில் பியூரெட்டைப் பிடித்துச் செய்கிறோமே, அதே தரம்பார்த்தல்தான்! ஒரு துளி மிகுந்தால் விடை பிழையாகும். அங்கே தெரிந்தே ஒருவர் முடிவை மாற்றி எழுதினால் பிழையாவது நாட்டின் கணக்கு.

சுங்கத் தீர்வை இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்கிறது. அதில் ஒரு பங்கு மாநிலங்களுக்கும் வருகிறது. பள்ளி, சாலை, மருத்துவமனை, நம்மில் பலர் வாங்கும் கல்வி உதவித்தொகை எல்லாம் அரசின் பொதுப் பணத்திலிருந்தே வருகின்றன. ஆகவே துறைமுகத்தில் மறைக்கப்படும் ஒவ்வொரு ரூபாயும், இனிமேல் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரவேண்டிய ஏதோ ஒரு பிள்ளையின் பங்கு.

நண்பர்களே, பொதுப் பணத்தால் படித்த நாம் அதைக் காக்கும் இடங்களுக்குச் செல்வோம். கைசுத்தமே நம் முதல் பட்டமாகட்டும்!