வேகமான தட்டு புதருக்குள்... மெதுவான தட்டு கூடைக்குப் பக்கத்தில்! ஓக் குரோவ் சொல்லித் தரும் பாடம்

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, சான் கேப்ரியல் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது ஹஹமோங்னா பூங்கா. அங்கே வாழ்ந்த டோங்வா பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. பூங்காவை ஒட்டி ஓடுகிறது அரோயோ செகோ. ஸ்பானிய மொழியில் 'வறண்ட ஓடை' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி, வருடத்தில் பல மாதங்கள் மணலும் கூழாங்கல்லும்தான் கண்ணுக்குத் தெரியும்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது சாதாரண இடம் இல்லை. செவ்வாய்க்கு ரோவர்களை அனுப்பிய நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம். 1936-ல் சில இளைஞர்கள் இதே ஓடைப் படுகையில் ராக்கெட் என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்ததில் இருந்துதான் அதன் கதை தொடங்குகிறது.

வேலிக்கு இந்தப் பக்கமும் பறக்கும் பொருள்தான். ஆனால், ராக்கெட் இல்லை. கையகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் தட்டு!

காலையிலேயே தோளில் பையை மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்துவிடுகிறார்கள். பைக்குள் கலர் கலராக அடுக்கிய தட்டுகள். ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு தட்டு பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் 'சலங்' என்று ஒரு சத்தம். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இதுதான் டிஸ்க் கோல்ஃப். இந்த விளையாட்டுக்கென்றே அமைக்கப்பட்ட முதல் நிரந்தர மைதானம் இந்த ஓக் குரோவ். தொடங்கிய ஆண்டு 1975.

ஃபிரிஸ்பீக்கு உயிர் கொடுத்தவர்

மைதானத்தை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தட்டின் மேல்பக்கத்தில் வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கின்றன இல்லையா... அது அழகுக்காக இல்லை, தட்டு தள்ளாடாமல் பறப்பதற்காக. அந்த அமைப்புக்கு 1967-ல் காப்புரிமை வாங்கியவர் இவர்தான்.

கோல்ஃப் போலவே, குறைந்த வீச்சில் முடிப்பவருக்கு வெற்றி. தொடக்கத்தில் தரையில் நட்ட கம்பங்கள்தான் இலக்கு. 'பட்டது', 'படவில்லை' என்று சண்டை வருமே! அதற்கும் ஹெட்ரிக் வழி கண்டுபிடித்தார். ஒரு கம்பம், மேலிருந்து தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கூடை. தட்டு கூடைக்குள் கிடந்தால் முடிந்தது கதை. இன்று உலகம் முழுக்க டிஸ்க் கோல்ஃப் மைதானங்களில் நிற்பது இந்தக் கூடையின் வாரிசுகள்தான்.

கூடை மாறியதுபோலத் தட்டும் மாறியது. 1983-ல் டேவ் டனிபேஸ் என்பவர், தட்டின் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டதுபோல வடிவமைத்தார். கூர்மையான விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அவரும் நண்பர்களும் தொடங்கிய இன்னோவா நிறுவனம், இன்று டிஸ்க் கோல்ஃப் உலகின் பெரிய பெயர்களில் ஒன்று. ஒரே மாதிரி இருந்த தட்டுகள் அதன்பிறகு பல ஜாதிகளாகப் பிரிந்தன. கூடைக்குப் பக்கத்திலிருந்து போட பட்டர், நடுத்தர தூரத்துக்கு மிட்ரேஞ்ச், தூரமாக எறிய டிரைவர்.

டிரைவர் என்றதும் ஸ்டீயரிங் பிடிப்பவர் ஞாபகத்துக்கு வருவார். இங்கே டிரைவர் என்பது தட்டு. அதிலும் இரண்டு வகை. திறந்தவெளியில் அதிகபட்ச தூரத்துக்கு டிஸ்டன்ஸ் டிரைவர். மரங்களுக்கு நடுவே, பாதை மாறாமல் போக ஃபேர்வே டிரைவர். ஓக் குரோவ் போன்ற மரங்கள் நிறைந்த மைதானத்தில் இந்த இரண்டாவது ஆள்தான் ஹீரோ.

நான்கு எண்களின் ஜாதகம்

பல தட்டுகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும். அதுதான் அந்தத் தட்டின் ஜாதகம்!

முதல் எண் ஸ்பீடு. தட்டு தன் குணத்தைக் காட்ட எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பதற்கான அடையாளம். ஃபேர்வே டிரைவர்கள் பெரும்பாலும் 6 முதல் 9-க்குள் இருக்கும். இரண்டாவது கிளைடு. எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. மூன்றாவது டர்ன். வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது. எண் மைனஸில் போகப் போகச் சாய்வு அதிகம். நான்காவது ஃபேடு. வேகம் குறைந்து இறங்கும்போது இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது.

வலது கைக்காரர், கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து வீசும் பேக்ஹேண்ட் வீச்சுக்கான கணக்கு இது. இடது கைக்காரர் பேக்ஹேண்டில் வீசினாலோ, வலது கைக்காரர் ஃபோர்ஹேண்டில் வீசினாலோ எல்லாம் தலைகீழ்.

ஏன் முதலில் வலது, பிறகு இடது? பம்பரம் விட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வேகமாகச் சுற்றும்போது நேராக நிற்கிற பம்பரம், வேகம் குறைந்ததும் தலையை ஆட்டத் தொடங்கும். சுற்றுகிற பொருளை ஒரு பக்கம் தள்ளினால், அது தள்ளிய பக்கம் சாயாது. அதிலிருந்து 90 டிகிரி விலகிச் சாயும். தட்டு வேகமாகப் போகும்போது காற்று அதன் பின்பகுதியை அதிகமாகத் தூக்கப் பார்க்கிறது. விளைவு, வலப்பக்கச் சாய்வு. வேகம் குறையும்போது முன்பகுதியைத் தூக்குகிறது. விளைவு, இடப்பக்கச் சாய்வு. இந்த இரண்டில் எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் தட்டின் விளிம்பு வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்பாவின் தட்டும் மகளின் தட்டும்

ஓர் அப்பாவும் பத்து வயது மகளும் முதன்முறையாக இங்கே வருவதாக வைத்துக்கொள்வோம். கடையில் அப்பா தேர்ந்தெடுத்தது இன்னோவாவின் டெஸ்ட்ராயர். எண்கள் 12, 5, -1, 3. தொழில்முறை வீரர்கள் விரும்பும் டிஸ்டன்ஸ் டிரைவர். 'அவர்களே இதைத்தான் எறிகிறார்கள், நமக்கும் தூரம் போகும்' என்பது அவர் கணக்கு. மகள் கையில் எடை குறைந்த லெப்பர்டு. ஃபேர்வே டிரைவர்களில் சாதுவானது. எண்கள் 6, 5, -2, 1.

டெஸ்ட்ராயரின் விளிம்பு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்கவே திணறும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வீசுகிறார். தட்டு கிளம்புகிறது, வலப்பக்கச் சாய்வே இல்லாமல் இடப்பக்கம் திரும்பி, 'தொப்'பென்று புதருக்குள் விழுகிறது. தட்டு கெட்டுப்போய்விட்டதா? இல்லை. 12 என்ற வேகத்துக்காகச் செய்யப்பட்ட தட்டுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. பறக்கும் கட்டத்துக்கே போகாமல், நேராக இறங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது.

மகள் வீசிய லெப்பர்டு ரொம்ப தூரம் போகவில்லை. ஆனால், இரண்டு மரங்களுக்கு நடுவே நேராகப் போய், பாதையின் நடுவில் கிடக்கிறது. அடுத்த வீச்சில் அவள் கூடையை நோக்கி எறிகிறாள். அப்பா புதரில் தேடிக்கொண்டிருக்கிறார்!

டிஸ்க் கோல்ஃப் மைதானங்களில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. சிரிப்போடு முடிந்தால் பரவாயில்லை. தூரம் போகவில்லையே என்று இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று கையை உதறி எறிபவர்களுக்கு முழங்கையும் தோளும் வலிக்கத் தொடங்கும். 'இது நமக்குச் சரிவராது' என்று பையை மூலையில் போட்டுவிடுவார்கள். தப்பு கையில் இல்லை, தட்டைத் தேர்ந்தெடுத்ததில்!

நான்கு தட்டு, நான்கு குணம்

ஃபேர்வே டிரைவர்களுக்குள்ளேயும் குணம் ஒன்றுபோல இருக்காது.

லெப்பர்டு: கொஞ்சம் மெதுவாக எறிந்தாலும் நேராகப் போகும். விளிம்பு குறுகல் என்பதால் சின்னக் கைக்கும் அடங்கும். பலமாக எறிபவர்கள் கையில் வலப்பக்கம் புரண்டுவிடும். அவர்கள் இதை இடப்பக்கம் சாய்த்து எறிவார்கள். தட்டு போகப் போகத் தானே நிமிர்ந்து, நேர்க்கோட்டில் மிதக்கும். பார்க்கவே அழகான வீச்சு அது.

டீபேர்டு: எண்கள் 7, 5, 0, 2. சொன்ன சொல் தவறாத ஆள். நேராகப் போகும், கடைசியில் அளவாக இடப்பக்கம் திரும்பி உட்காரும். நேற்று எப்படிப் பறந்ததோ இன்றும் அப்படியே பறக்கும் என்ற நம்பிக்கைதான் இதன் பலம்.

ஃபயர்பேர்டு: எண்கள் 9, 3, 0, 4. பிடிவாதக்காரர். மிதப்பதில் ஆர்வம் இல்லை. இடப்பக்கம் வளைந்தே தீரும். கையில் எடுத்தாலே மேல்பக்கம் தட்டையாக, விளிம்பு தடிமனாகத் தெரியும். பெரிய ஓக் மரம் ஒன்று வழியை மறித்து, கூடை அதன் இடப்பக்கம் ஒளிந்திருந்தால் இதைக் கூப்பிடலாம். புதியவர்கள் கையில் இது பக்கத்திலேயே விழும்.

ரோட்ரன்னர்: எண்கள் 9, 5, -4, 1. ஃபயர்பேர்டுக்கு நேரெதிர். வலப்பக்கம் நீளமாக வளைந்து போகும். தரையில் சக்கரம்போல உருட்டிவிடவும் இதை எடுப்பவர்கள் உண்டு.

காற்றும் பிளாஸ்டிக்கும்

எதிர்க்காற்று வீசினால் ஜாதகமே மாறும். தட்டுக்கு, தான் இன்னும் வேகமாகப் போவதுபோலத்தான் தெரியும். நேராகப் போக வேண்டிய லெப்பர்டு வலப்பக்கம் கவிழும். அப்போது பையிலிருந்து டீபேர்டோ ஃபயர்பேர்டோ வெளியே வரும். பின்னாலிருந்து காற்று வந்தால் லெப்பர்டுக்கு மறுபடியும் வேலை.

ஒரே தட்டு பல பிளாஸ்டிக்குகளில் வருவதும் புதியவர்களைக் குழப்பும். இன்னோவாவில் டி.எக்ஸ். என்பது விலை குறைவு, கையில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். சாம்பியன் என்பது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், கெட்டியானது, பல வருடங்கள் உழைக்கும். ஸ்டார் நன்றாக உழைக்கும், பிடிக்கவும் மென்மையாக இருக்கும்.

தேய்வது குறை என்று நினைக்க வேண்டாம். மரத்தில் மோதி மோதி விளிம்பு மழுங்கும்போது, தட்டு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாயப் பழகும். அனுபவசாலிகள் சிலருடைய பையில் ஒரே தட்டின் புதுசு, நடுத்தரம், பழசு என்று மூன்று இருக்கும். புதுசு இடப்பக்கம் திரும்பும், நடுத்தரம் நேராகப் போகும், பழசு வலப்பக்கம் வளையும். அடிபட்ட தட்டைத் தூக்கிப் போட அவர்களுக்கு மனசு வராது!

கூடைக்குத் திரும்பும் வழி

மறுபடியும் அந்த அப்பாவிடம் வருவோம். சில ஹோல்கள் முடிந்ததும் அவர் டெஸ்ட்ராயரைப் பைக்குள் வைத்துவிட்டு, மகளிடம் லெப்பர்டைக் கடன் கேட்கிறார். பல்லைக் கடிக்காமல் நிதானமாக வீசுகிறார். தட்டு தோள் உயரத்தில் கிளம்பி, மரங்களுக்கு நடுவே மிதந்து, டெஸ்ட்ராயர் போகாத தூரம் போய் இறங்குகிறது. அதே கைதான். தட்டுதான் வேறு.

இந்த மைதானம் சொல்லித் தருவது இதைத்தான். தூரம் என்பது தட்டில் எழுதியிருக்கும் எண்ணில் இல்லை. நம் கையின் வேகத்துக்குப் பொருந்துகிற தட்டில் இருக்கிறது.

எட் ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவருடைய விருப்பப்படி அவரது அஸ்தி பிளாஸ்டிக்கோடு கலக்கப்பட்டு, தட்டுகளாக வார்க்கப்பட்டது. அவர் நட்டுவைத்த முதல் மைதானத்தில் இன்றும் தினமும் சங்கிலிகள் 'சலங்' என்று ஒலிக்கின்றன.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* முதல் தட்டு வாங்குபவர்கள் ஸ்பீடு 7-க்கு மேல் போக வேண்டாம். ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், ஒரு ஃபேர்வே டிரைவர் என்று மூன்று தட்டு தாராளம்.

* டிரைவர்கள் சுமார் 175 கிராம் வரை வரும். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் 150 கிராம் அளவில் இருப்பது சுலபம்.

* பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் உண்டு. பாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எறிய வேண்டும். விளிம்பு கூர்மையான டிரைவர், பட்டால் பலமாக வலிக்கும்.

* தட்டு புதருக்குள் போனால் அவசரமாகக் கையை விட வேண்டாம். தென் கலிபோர்னிய மலையடிவாரங்களில், தொட்டாலே தோலில் அரிப்பு உண்டாக்கும் 'பாய்சன் ஓக்' செடி உண்டு, பாம்புகளும் உண்டு.

* பளிச்சென்ற கலரில் தட்டு வாங்குங்கள். பச்சைத் தட்டைப் புல்லில் தேடுவதிலேயே பாதி காலை போய்விடும்!