தாய்வழிச் சொந்தம்

சென்ற ஆண்டு விஞ்ஞானக் கண்காட்சிக்காக நாங்கள் இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைக் கொன்றோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒன்று இராஜபாளையத்தில் சாலையோர எருக்கஞ்செடியில் கிடைத்தது. மற்றொன்றை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் தோழி தன் வீட்டுக் கொல்லையில் பிடித்து வந்தாள். இரண்டுக்கும் செம்மஞ்சள் சிறகு, கறுத்த நுனி, அதில் வெள்ளைப் புள்ளிகள். அட்டையில் குத்தி, "வெந்தய வரியன் - இரண்டு" என்று முத்து முத்தாக எழுதி வைத்தோம்.

சிஸ்டர் பூதக்கண்ணாடியுடன் வந்தார்கள். "பின்சிறகைப் பாருங்கள், பிள்ளைகளே" என்றார்கள். ஒன்றில் நடுவே மூன்று கறுப்புப் புள்ளிகள். மற்றதில் மேல் விளிம்பருகே ஒன்றே ஒன்று! அது வெந்தய வரியனே அல்லவாம்; டானாய்டு எக்ஃபிளை என்ற வேறோர் இனத்தின் பெண்ணாம். எருக்கிலை தின்று வளர்ந்த வெந்தய வரியன் பறவைகளுக்கு ஆகாது; அதனால் தொடமாட்டா. பருப்புக்கீரை தின்று வளர்ந்த இவளோ அதே வேடத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறாள். இவளுடைய ஆணுக்கோ கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளைப் பொட்டுகள். கணவனும் மனைவியும் என்று யார் நம்புவார்கள்?

அப்படியானால் உண்மையான சொந்தத்தை எப்படி அறிவது? உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குள் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளில் அதன் நீளம் சுமார் 15,000 எழுத்துகள். அதில் 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. (இதைக் கேட்டு எங்களுக்குச் சற்றுப் பெருமைதான்!) காலப்போக்கில் எழுத்துகள் ஒன்றிரண்டாக மாறுகின்றன. ஆகவே இரண்டு இனங்களின் எழுத்துகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எப்போதோ பிரிந்தவையா அண்மையில் பிரிந்தவையா என்று கணிக்கலாம். அதில் ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளே இனத்தை அடையாளம் காணப் பெரும்பாலும் போதும் என்று 2003-இல் கனடா விஞ்ஞானி பால் ஹெபர்ட் எடுத்துக்காட்டினார். டி.என்.ஏ. சொல்கிறபடி எக்ஃபிளைக்கு நெருங்கிய உறவு வசீகரன் வண்ணத்துப்பூச்சிகள். வெந்தய வரியன் தூரத்து உறவே.

கடைசியாகச் சிஸ்டர் சொன்னதுதான் எங்களைச் சுட்டது. இந்தப் பரிசோதனைக்கு ஒரே ஒரு கால் போதுமாம்!

இவ்வாண்டு செண்பகத்தோப்புக்குப் போனோம். 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த மலையடிவாரம் அது. வலை இல்லை; நோட்டுப் புத்தகம் மட்டும். திரும்பும் வழியில் எருக்கம்பூவில் செம்மஞ்சளாக ஒன்று வந்து உட்கார்ந்தது. மூச்சை அடக்கிக் குனிந்தோம். பின்சிறகில் புள்ளி ஒன்றா, மூன்றா என்று எண்ணுவதற்குள் பறந்துவிட்டது. நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.