குப்பைமேட்டு வாசலைக் கட்டிய மதினிக்கு

அன்புள்ள மதினிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம். போட்டால் என்ன ஆகும் என்று தெரியும். இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்து, உங்கள் பைபிள் உறைக்குள் செருகிவிடுவீர்கள். அண்ணனிடம்கூட மூச்சு விடமாட்டீர்கள். இந்த நன்றி நாலு பேர் காதில் விழவேண்டும் என்பதால்தான் பத்திரிகையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், பெயரையும் ஊரையும் போடவில்லை. தேரிக்காட்டுப் பக்கம் ஒரு ஊர், அதில் ஒரு டீச்சர், அவ்வளவுதான்.

நம் சபைகளில் ஒரு பழக்கம் உண்டு. தோசை கருகினால் அதில் ஒரு தேவசெய்தி. பஸ்ஸைத் தவறவிட்டால் இன்னொன்று. பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுது வந்தால், மருந்து போடுவதற்கு முன் ஒரு வசனம். எனக்கு இது ஒத்துவராது. நடந்தது ஆறுவதற்குள் அதைப் பிழிந்து போதனை எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், வீட்டுக்குள் ஒரு பாடமும் எடுக்கவில்லை. உங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தீர்கள். பின்னாளில் வேதத்தை வாசிக்கும்போது, "அட, இது மதினி செய்வதல்லவா" என்று எனக்குத்தான் பிடிபட்டது.

பிடி அரிசியையே எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துச் சபைகளில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் நீங்கள் எடுத்த விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ராத்திரிச் சோற்றுக்கு எத்தனை பேர் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, உழக்கால் அளந்து சுளகில் கொட்டுவீர்கள். கல்லும் கருப்பும் பொறுக்கியான பிறகு, களைவதற்கு முன்னால், அந்தச் சுளகிலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்படி மாடத்தில் இருந்த பால்பவுடர் டப்பாவில் போடுவீர்கள். மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் போட்டால் என்ன என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள். "அளந்ததுல இருந்து எடுத்தாத்தான நமக்குக் கொறையும்" என்றீர்கள். காணிக்கையைப் பற்றி உங்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே விளக்கம் அது. கன்வென்ஷன் பந்தல்களில் கேட்ட எத்தனையோ பிரசங்கங்கள் மறந்துபோயின. இது போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பா மஞ்சப்பைக்குள் கோயிலுக்குப் போகும். அங்கே எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் விழும். பொன்னி, ரேஷன் அரிசி, வயல்காரர்கள் வீட்டுப் புது அரிசி எல்லாம் கலந்த சாக்கு. ஆராதனை முடிந்து முருங்கைக்காயும் கோழியும் ஏலம் போகிற இடத்தில் அந்தக் கலப்பு அரிசிக்கு மட்டும் ஆள் வராது. ஒன்று குழைந்தால் இன்னொன்று விரை விரையாக நிற்கும்; யாருக்கு வேண்டும்? நீங்கள் கேட்பீர்கள். பல வாரம் நீங்கள் மட்டுமே கேட்பீர்கள். திங்கட்கிழமை நம் வீட்டுத் தட்டில் ஊர்ச் சோறு. நான் முகம் சுளிப்பேன். "எல்லார் வீட்டுதும் இருக்கு, தின்னுங்க தம்பி" என்று குழம்பை ஊற்றுவீர்கள். பலரான நாம் ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மென்றிருக்கிறேன்.

என்னோடு வேலைபார்த்த மிசோரம்காரர் ஒருவர், அவர்கள் ஊரிலும் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைப்பார்கள் என்றார். அதற்குப் பூஃபாய் தாம் என்று பெயர். 1910இல் தொடங்கியதாம், இன்றும் நடக்கிறது. எனக்கு அப்போது நம் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா நினைவுக்கு வந்தார். 1903இல் அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். திருநெல்வேலிச் சபைகள் சிறுகச் சிறுகக் கொடுத்துத்தான் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியம் நடந்தது. 1912இல் அதே தோர்ணக்கலுக்கு அவர் பிஷப்பானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப். சரித்திரப் புத்தகத்தில் அவர் படம் இருக்கிறது. வீடு வீடாகக் கொடுத்தவர்களின் படத்துக்கு எங்கே போவது?

அண்ணன் கடையை மூடிய வருஷத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் உழக்கு அரைக்கால் குறைந்தது. பிடி குறையவில்லை. அந்தச் சமயத்தில்தான் நான் சாறிபாத் விதவையின் கதையை வாசித்து எலியாவின் மேல் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். பஞ்சம். அந்தப் பெண்ணிடம் ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. அதைச் சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாகத்தான் விறகு பொறுக்குகிறாள். வந்த தீர்க்கதரிசி, முதலில் எனக்கு ஒரு சின்ன அடை பண்ணிக் கொண்டுவா என்கிறார். இதென்ன நியாயம்? உங்களிடம் கேட்டபோது நீங்கள் பதில் சொல்லவில்லை, நோட்டு திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

பதில் தெரிய வருஷங்கள் ஆயின. அந்தக் கதையில் பானை நிரம்பி வழியவில்லை. மூட்டை மூட்டையாக மா வந்து இறங்கவில்லை. அன்றன்றைக்குத் தீராமல் இருந்தது, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்று மைக்கைப் பிடித்துச் சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு தரமாவது நிதானமாக வாசித்தால் நல்லது. நம் வீட்டிலும் அந்த வருஷம் எதுவும் நூறாகத் திரும்பவில்லை. கடையைத் திறக்கவும் முடியவில்லை. ஆனால் யாரும் பட்டினியாகப் படுத்ததில்லை. இதற்கு மேல் நீங்கள் தேவனிடம் எதையும் கணக்குக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இனி அம்மா.

பக்கவாதம் வந்து அம்மா படுத்தபோது நீங்கள் தலைமையாசிரியை. விடியுமுன் வெந்நீர் போட்டு, அம்மாவை ஒருக்களித்துத் திருப்பி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பெட்பேனை மூடி எடுத்துக்கொண்டு கிணற்றடியைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போவீர்கள். எட்டரை மணிக்குக் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் வாசலில் நிற்பீர்கள். தெருவே எழுந்து வணக்கம் சொல்லும். நான் லீவில் வந்திருந்த ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. சங்கீதம், சுவிசேஷம் என்று பொறுக்கி வாசிக்கிற வீடில்லை நம்முடையது. வரிசைப்படி வருவதை வாசிக்கவேண்டும். அன்றைக்கு நெகேமியா மூன்றாம் அதிகாரம்.

ஒரே பெயர்ப் பட்டியல். எருசலேம் அலங்கத்தில் யார் யார் எந்தெந்தத் துண்டைக் கட்டினார்கள் என்று போகும். தட்டார்கள் வருகிறார்கள், தைலக்காரர்கள் வருகிறார்கள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறான். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினார்கள். மெசுல்லாம் என்று ஒருவன் தன் அறைக்கு எதிரே கட்டினான். வீடு இருந்ததாகச் சொல்லவில்லை. இப்படி அவரவர் வாசலுக்கு முன்னால் கட்டித்தான் 52 நாளில் அலங்கம் முடிந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் பெயர்களைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக்கொண்டே வந்தேன். குப்பைமேட்டு வாசல் வந்தது. ஊர்க் கழிவெல்லாம் வெளியே போகிற வாசல். அதைக் கட்டியவன் கூலியாள் இல்லை. ஒரு மாகாணத்துக்குப் பிரபு, மல்கியா. வாசிப்பை நிறுத்தி உங்களைப் பார்த்தேன். நீங்கள் அம்மாவுக்குக் கொசுவலையைச் செருகிக்கொண்டிருந்தீர்கள்.

அதே அதிகாரத்தில் தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்து வளைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறது. நம் வீட்டில் அந்தப் பிரபுக்கள் யார் யார் என்று இங்கே போட்டால் அண்ணன் ஒரு மாதத்துக்கு என்னிடம் பேசமாட்டார். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த மடலை எடுத்துக்கொண்டு போய், பாருங்கள், மருமகள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று கலியாண ஆராதனையில் எந்த ஐயரும் பேசிவிடக்கூடாது. ரூத்தின் கதை அப்படித்தான் மருமகள்களின் தலையில் கட்டப்பட்டது. நகோமி அவளைத் திரும்பிப் போகத்தான் சொன்னாள். அவளாகத்தான் கூட வந்தாள். நெகேமியாவின் பட்டியலிலும் அவரவருக்கு ஒரு துண்டு உண்டு. நம் வீட்டில் மூன்று பேருடைய துண்டை நீங்கள் ஒருவரே கட்டினீர்கள். அதற்கு நன்றி சொல்லலாம். அதை முறை என்று ஆக்கக்கூடாது.

இன்னொன்று, சுருக்கமாக. பக்கத்து வீட்டு அக்காவோடு சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. சனிக்கிழமை இருட்டின பிறகு நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். தப்பு அவங்க மேல அல்லவா என்றேன். "யாருக்கு நம்ம மேல குறை இருக்குன்னுதான போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது. நமக்கு யார்மேல் குறை என்று அதில் கேட்கவேயில்லை.

மதினி, பள்ளிக்கூடத்தில் பிரிவுபசார விழா வைத்து உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீட்டில் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றுகூட வந்தவர்கள் எங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் பின்கட்டில் பந்திக்கு இலை போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவின் கடைசி வருஷங்களை முதுகில் ஒரு புண் இல்லாமல் கழிய வைத்தீர்களே, அதற்கு நன்றி. அளந்ததிலிருந்து எடுத்ததற்கு நன்றி. எனக்கு எதையும் போதிக்காமல் விட்டதற்கு எல்லாவற்றையும்விட நன்றி.

அறுப்பின் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வருகிறேன். கலப்பு அரிசியை இந்தத் தரம் ஏலத்தில் நான் கேட்பதாக இருக்கிறேன். வழக்கம்போல நீங்களும் கேட்டு விலையை ஏற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்