பாந்தர் மேல் ஒரு கோணல் வரி

ஷிசுவோகா ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தபால்பெட்டியை, பிளாஸ்டிக் மாடல் கிட்டின் சட்டத்துக்குள் மாட்டியிருப்பது போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் செய்யப்படும் பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பகுதி இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் தயாராகிறது. தோக்குகவா காலத்தில் செங்கென் கோயில் கட்ட வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக்காரர்களும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள், அந்தக் கைகளின் வழி வந்ததுதான் இந்தத் தொழில் என்று சொல்வார்கள். மரத்தில் தொடங்கியது பிளாஸ்டிக்குக்கு மாறியது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஹாபி கண்காட்சி நடக்கிறது. கம்பெனிகளின் பளபள அரங்குகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை. மாடல் கட்டும் சங்கங்கள் தங்கள் வேலைகளைப் பரப்பி வைக்கும் மேசைகளுக்குத்தான் போனேன். டாங்கி மேசைகளில் பாதிக்குமேல் ஜெர்மன் வண்டிகள்: டைகர், பாந்தர், ஸ்டுக். தோற்றவர்களின் வண்டிக்கு இவ்வளவு மவுசு ஏன் என்று யாரைக் கேட்டாலும் "வடிவம்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. 1945 வரை ஐரோப்பாவை மிதித்த ஒன்றை அழகு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா? ஆனாலும் நானும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அங்கே பழக்கமான ஒரு பெரியவர் மறுநாள் தம் வீட்டுக்கு வரச் சொன்னார். எஃகு அச்சு செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நகோயாவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர் உடன் வந்து மொழிபெயர்த்தார். மாடியறையில் ஜன்னலோரம் ஒரு பலகை, அதன்மேல் பாதி முடிந்த பாந்தர்.

பாந்தர்தான் இந்தத் தொழிலின் அளவுகோலையே தீர்மானித்த வண்டி. 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டு நஷ்டப்பட்டது. நிறுவனரின் மகன் ஷுன்சாகு தமியா அடுத்து மோட்டாரில் ஓடும் பாந்தரைக் கையில் எடுத்தார். பெட்டிக்கு ஓவியம் வரைந்தவர் கொமாட்சுசாகி ஷிகெரு. வண்டி வயிற்றுக்குள் இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்கேற்ற பருமனில் செய்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு வந்தது. அந்த 1/35 இன்று உலகமெங்கும் டாங்கி மாடல்களுக்கு வழக்கமான அளவு. வரைபடத்தில் முடிவானது அல்ல, பேட்டரி முடிவு செய்தது. பின்னாளில் ஷுன்சாகு அமெரிக்காவின் அபர்டீன் ராணுவத் திடல் வரை போய் நிஜ டாங்கிகளைப் படமெடுத்து வந்தார். 2025-ல் காலமானார்.

"அன்றைக்கு அது பொம்மை. இன்றைக்கு ஓடாது, ஆனால் பொய் சொல்லாது" என்றார் பெரியவர்.

நிஜப் பாந்தரின் எடை சுமார் 45 டன். 35-ஐ மும்முறை பெருக்கி வகுத்தால் ஒரு கிலோ சொச்சம். பிளாஸ்டிக் வண்டியில் அந்தக் கனம் கிடையாது, கண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும். சங்கிலிப் பட்டையின் மேல்பகுதி சக்கரங்களின் மேல் தொய்ந்து படிய வேண்டும். அதற்காக ஒரு பக்கத்துக்கு எண்பத்துச் சொச்சம் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, பசை இறுகுமுன் நூல்சுருளால் அழுத்தி வைக்கிறார். பெயின்ட் உரிந்த இடங்களுக்குத் தலைமுடி ஸ்ப்ரே: அடிநிறத்தின் மேல் அதை அடித்து, அதன்மேல் இன்னொரு நிறம் பூசி, தண்ணீர் தொட்ட தூரிகையால் உரசினால் மேல்நிறம் திட்டுத்திட்டாகப் பெயர்கிறது. மாடல் உலகின் பாதித் தொழில்நுட்பம் அழகு நிலையத்திலிருந்து வந்தது என்று நண்பர் சிரித்தார்.

ஆனால் அந்தப் பாந்தரில் என்னை நிறுத்தியது அதன் உடம்பெங்கும் ஓடிய வரிகள்தான். உழுத வயலைச் சுருக்கி இரும்பில் ஒட்டியது போல. சிம்மெரிட் என்ற பசை அது. காந்தத்தால் ஒட்டும் கண்ணிவெடி கவசத்தில் பிடிக்காதிருக்க, 1943-ன் பிற்பாதியிலிருந்து ஜெர்மானியர் தொழிற்சாலையிலேயே பூசினார்கள். பேரியம் சல்பேட், பாலிவினைல் அசிடேட், மரத்தூள் எல்லாம் கலந்த பசை. இரண்டு பூச்சு, இரண்டாவதைப் பல்வைத்த கரண்டியால் கீறி, தீச்சுடரால் உலர்த்த வேண்டும். அப்படிப்பட்ட வெடியைப் பெருமளவில் வைத்திருந்தவர்களே ஜெர்மானியர்தான். எதிரிகள் அதை அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை. தன் ஆயுதத்துக்குத் தானே பயந்த கதை. குண்டு பட்டால் பசை தீப்பிடிக்கிறது என்று வதந்தி கிளம்ப, 1944 செப்டம்பரில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. சோதித்ததில் வதந்தி பொய் என்று தெரிந்தது. பசை திரும்ப வரவில்லை.

"அச்சில் இது சரியாக வராது" என்று பெரியவர் தம் பழைய தொழிலுக்குப் போனார். அச்சு நேராகத் திறக்க வேண்டும். பக்கச்சுவரில் வரி இருந்தால் அது அச்சைப் பிடித்துக்கொள்ளும். நகரும் துண்டுகள் வைத்து இப்போது சமாளிக்கிறார்கள். அவருக்கு அதில் திருப்தி இல்லை. ரம்பத் தகட்டை ஒடித்துத் தாமே செய்த சின்னக் கரண்டி வைத்திருக்கிறார். எபாக்ஸி புட்டியைத் தாள் கனத்துக்குத் தேய்த்து, அது இறுகுமுன் கீறிவிட வேண்டும். ஒரு பக்கம் முடிவதற்குள் தோள் மரத்துவிடுகிறதாம்.

ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு கைவாகு உண்டு. பெர்லின் அல்கெட் ஆலையின் ஸ்டுக் வண்டிகளில் சின்னச் சின்னச் சதுரங்கள். அதைக் கண்டதுமே தேர்ந்தவர்கள் ஆலையைச் சொல்லிவிடுகிறார்கள். இவர் கட்டுவது பெர்லின் மரியென்ஃபெல்டேயில் டைம்லர்-பென்ஸ் செய்த பாந்தர்.

அந்த ஆலையில் கரண்டி பிடித்தது யார் என்று கேட்டேன். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. நண்பர் என் கேள்வியை வேறு விதமாகத் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். 1944-ல் டைம்லர்-பென்ஸில் இருந்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாய உழைப்பாளிகளும் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும்தான். அந்த நிறுவனமே பின்னாளில் ஒப்புக்கொண்ட கணக்கு இது. கண்காட்சி மேசைகளில் இருந்த அட்டைகளில் பெயின்ட் எண் உண்டு, படைப்பிரிவின் பெயர் உண்டு, ஓட்டியவனின் பெயர்கூட உண்டு. செய்தவர்களைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை. இதை அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பழைய புகைப்படம் ஒன்றின் பெரிய பிரதியை எடுத்து, வண்டியின் இடப்பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். கரண்டியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தபோது வரிசை விலகி, ஏழெட்டு வரிகள் சாய்ந்து ஓடியிருந்தன. அவசரமோ, தூக்கமோ, பசியோ. பலகையில் இருந்த மாடலைத் திருப்பினார். அதே இடத்தில் அதே சாய்வு.

"சங்கத்தில் எல்லாரும் இதை நிமிர்த்தச் சொல்கிறார்கள். கை நழுவிவிட்டது என்று நினைத்து நடுவர் மதிப்பெண் குறைப்பாராம்" என்றார். "என் கை நழுவவில்லை. இதற்காக மூன்று தடவை புட்டியைச் சுரண்டிவிட்டுப் பூசியிருக்கிறேன்."

பிறகு எனக்கும் ஒரு துண்டு புட்டியைக் கொடுத்துக் கீறிப் பார்க்கச் சொன்னார்.