14 பாகையில் ஒரு வீடு



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் தவறாமல் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று ‘மின்சாரச் சிக்கனம்’. ஆளில்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது, காற்றாடி சுழலக் கூடாது என்று மாணவர்கள் எழுதுவார்கள். நானும் சிவப்பு மையால் சந்திப் பிழைகளைத் திருத்தி மதிப்பெண் போடுவேன். இத்தலைப்பில் எனக்குத் தெரியாதது ஏதுமில்லை என்றே 2022 டிசம்பர் வரை எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு செப்டம்பரில் என் மகள் முதுகலைப் படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சென்றாள். படிப்புக் கட்டணம், வாடகை, உணவு என எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தே அனுப்பினேன். குளிர்காலத்தை நான் கூட்டவில்லை. காலை ஆறு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவளை அழைப்பேன். நவம்பரில் அங்கே அப்போது இரவு பத்து மணி. “நூலகத்தில் இருக்கிறேன், அப்பா” என்பாள். அவ்வளவு நேரம் வரை படிக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவளைக் காணச் சென்றேன். பிரிட்டன் முழுவதும் கடுங்குளிர் பிடித்திருந்த வாரம் அது. பகலிலும் உறைபனி கரையவில்லை. அவள் குடியிருந்தது செங்கல்லால் கட்டிய பழைய வரிசை வீடு. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். நம் தோட்டத்து லயங்கள் நினைவுக்கு வந்தன. அவளோடு இன்னும் இரு மாணவியர் தங்கியிருந்தனர். கதவைத் திறந்து உள்ளே நுழைந்தும் நான் மேலங்கியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவுமில்லை.

“ஹீட்டர் பழுதாகிவிட்டதா?” என்று கேட்டேன். இல்லை என்றாள். நடைவழிச் சுவரில் வெப்பநிலையை அமைக்கும் திருகு ஒன்று இருந்தது. அது 14 பாகையில் நின்றது. நான் 22க்குத் திருப்பினேன். சற்று நேரத்தில் ரேடியேட்டர்கள் மெல்லச் சூடேறின.

அன்றிரவு நான் உறங்கிவிட்டேன் என்று எண்ணி, மகள் ஓசைப்படாமல் எழுந்து போய்த் திருகை மீண்டும் 14க்குத் திருப்பினாள். இருட்டில் அவள் வெறுங்காலை ஊன்றி நடந்த நடையை நான் அறிவேன். அவள் சிறுமியாக இருந்தபோது, அவள் விட்டுச்சென்ற விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி அவள் பின்னால் நான் நடந்த நடை அது.

மறுநாள் காலையில் படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர்களை எனக்குக் காட்டினாள். நம் நாட்டில் மின்சாரத்தைப் பயன்படுத்திய பிறகே கட்டணச் சீட்டு வருகிறது. அங்கே வாடகை வீடுகள் பலவற்றில் முன்கட்டண மீட்டர். மின்சாரத்துக்கு ஒரு சாவி, எரிவாயுவுக்கு ஓர் அட்டை. அவற்றை மூலைக்கடைக்கு எடுத்துச்சென்று பணம் ஏற்றிவந்து மீட்டரில் செருக வேண்டும். பணம் தீர்ந்தால் வெப்பமும் தீர்ந்தது. எதையும் பயன்படுத்தாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாலும், மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஒரு தொகை நாள்தோறும் கழிந்துகொண்டே இருக்கும்.

அக்குளிர்காலத்தில் மின்சாரம் ஓர் அலகுக்குச் சராசரியாக 34 பென்ஸ். நம் பணத்தில் ஏறக்குறைய 1 ரிங்கிட் 80 சென். அப்போது நம் வீடுகளில் முதல் 200 அலகுகளுக்கு நாம் கட்டியது அலகுக்கு 21.80 சென். எட்டு மடங்கு! எரிவாயு 10.3 பென்ஸ்தான். ஆனால் வீட்டைச் சூடாக்கும் 24 கிலோவாட் கொதிகலன் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டரைப் பவுண்டு போய்விடும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் ஐரோப்பா முழுவதும் எரிவாயு விலை எகிறியது. 2021 அக்டோபரில் அங்குள்ள சராசரிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த செலவு, ஓராண்டுக்குப் பின் அரசாங்கம் தலையிட்டுத் தாங்கிப் பிடித்த பிறகும் 2,500 பவுண்டு. அத்தொகைக்கு மேல் யாரும் கட்ட வேண்டியதில்லை என்று பலர் தவறாக எண்ணினர். வரம்பு அலகின் விலைக்குத்தான். கூடுதலாக எரித்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

மூவரும் வாரந்தோறும் ஆளுக்குப் பதினைந்து பவுண்டு ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார்களாம். அது தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வரை பல்கலைக்கழக நூலகம்தான். அங்கே வெப்பம் இலவசம். நான் பெருமைப்பட்ட நூலகம்!

“என்னிடம் ஏன் சொல்லவில்லை, அம்மா?”

“சொன்னால் நீங்கள் பணம் அனுப்புவீர்கள். சட்டை இன்னொன்று போட்டுக்கொண்டால் முடிகிற காரியம்தானே, அப்பா” என்றாள். அதற்கிடையில் இருமுறை இருமினாள்.

நான் பிறந்த பால்மரத் தோட்டத்தில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரைதான் ஜெனரேட்டர் ஓடும். வெளிச்சம் அரிது என்று என் அம்மா எனக்குச் சொன்னார். நான் என் மகளுக்குச் சொன்னேன். ஆனால் எங்கள் லயத்தில் விளக்கை அணைத்ததால் யாருக்கும் நோய் வந்ததில்லை. இருட்டு வந்தது, அவ்வளவுதான். இவள் அறையிலோ, கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்திருந்தது. பூஞ்சணம். குளிர்ந்த சுவரில் மூச்சுக்காற்றின் ஈரமும், அறைக்குள் உலர்த்திய துணிகளின் ஈரமும் படிந்து வளர்ந்தது. அருகிலுள்ள ரோச்டேல் நகரில் பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மூச்சுக்குழாய் நோயால் இறந்தது. அப்பூஞ்சணமே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னது 2022 நவம்பரில். நான் அங்குப் போய்ச் சேர்வதற்குச் சில வாரங்களே முன்னர். வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இவள் மேசையிலிருந்த சிறிய வெப்பமானி 13 காட்டியது.

அடுத்த பத்து நாள்களும் எனக்கு வீட்டு வேலைதான். சுவரைத் துடைத்தோம், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். துணி உலர்த்துவதைக் குளியலறைக்கு மாற்றி, கதவை அடைத்துச் சன்னலைத் திறந்துவைத்தோம். ரேடியேட்டர்மீது தொங்கிய திரைச்சீலையின் கீழ்ப்பகுதியை மடித்துத் தைத்தேன். வந்த சூடெல்லாம் அதுவரை கண்ணாடிக்கே போய்க்கொண்டிருந்தது. என் பழைய கைலி ஒன்றைச் சுருட்டிக் கதவிடுக்கில் வைத்தேன். (கைலிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அறிந்து நைஜீரிய மாணவி வியந்தாள்.) கொதிகலனிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை 60 பாகைக்குக் குறைத்தோம். அங்குள்ள புதுவகைக் கொதிகலன்கள் புகையோடு போகும் நீராவியைக் குளிரச்செய்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்பவை. திரும்பிவரும் நீர் மிகச் சூடாக இருந்தால் அது நடவாது. இதை மூன்று பட்டதாரிப் பெண்களுக்குக் கரும்பலகை இல்லாமல் விளக்கியதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

பெரிய வரவு ஒன்று வாசற்படியிலேயே கிடந்தது. விளம்பரத் தாள்கள் குவிந்திருந்த மூலையை ஒரு காலையில் துப்புரவு செய்தேன். எந்தத் தாளையும் வாசிக்காமல் எறிவது எனக்குப் பழக்கமில்லை. ‘இவ்வீட்டில் குடியிருப்பவருக்கு’ என்று இரண்டு உறைகள் இருந்தன. அக்குளிர்காலத்தில் பிரிட்டன் அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 பவுண்டு உதவித்தொகையை ஆறு தவணைகளில் கொடுத்தது. பழைய வகை முன்கட்டண மீட்டர் உள்ளவர்களுக்கு அது பற்றுச்சீட்டாக அஞ்சலில் வந்தது. 90 நாள்களுக்குள் மாற்றாவிட்டால் செல்லாது. அக்டோபருக்கு 66, நவம்பருக்கு 66. மொத்தம் 132 பவுண்டு விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போகவிருந்தது! மகளும் நானும் பனியில் வழுக்கி வழுக்கி மூலைக்கடைக்கு நடந்து, மின்சாவியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தோம். திரும்பும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் அவள் சிரிப்பைப் பார்த்தேன்.

புறப்படும் நாளன்று எரிவாயு அட்டையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய் நாற்பது பவுண்டு போட்டு வந்தேன். கடைக்காரர் குஜராத்திப் பெரியவர். “மகளா?” என்று கேட்டார். தலையசைத்தேன். “எல்லா அப்பாக்களும் கடைசி நாளில்தான் வருகிறார்கள்” என்றார்.

சனவரி நடுவில் மகள் ஒரு படம் அனுப்பினாள். மேசையில் அதே வெப்பமானி, 17 பாகை. பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது.

“18 ஆக்கு, அம்மா” என்று எழுதினேன். அதற்கு அவள் பதில் எழுதவில்லை.