நின்றதுபோல் தெரிந்த சாணைக்கல்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுகளில் பல, வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகளில் உருவாகின்றன. அப்படியொரு பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் போடும் பெரியவர், மோட்டார் சாணையின் சுவிட்சை அணைத்தார். கல் நின்றதுபோல் தெரிந்தது. கையை நீட்டினார். நல்லவேளை, விரல் நுனித் தோலோடு போயிற்று.

கண் மங்கிவிட்டதென்றே அவர் நினைத்தார். குற்றம் கண்ணில் இல்லை, தலைக்கு மேல் எரிந்த சோக் வைத்த பழைய டியூப் லைட்டில். அது விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். அந்தத் துடிப்போடு கல்லின் வேகம் ஒத்துப்போகும்போது, ஓடும் கல் நிற்பதுபோலத் தெரியும். மாட்டுக் கொட்டகையில் தட்டை நறுக்கும் மெஷினுக்கு மேலும் பல வீடுகளில் இதே விளக்குதான்!

மகன் 20 வாட் எல்.இ.டி. விளக்கை ஃபிட்டிங்கோடு வாங்கி மாட்டினார். அதுவே நல்லது. பழைய ஃபிட்டிங்கில் எல்.இ.டி. குழாயைச் செருகுவதென்றால் மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரையும் சோக்கையும் எடுத்துவிட்டு, குழாயோடு வரும் படத்தின்படி எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்ற வேண்டும். மட்டமான எல்.இ.டி.யும் துடிக்கும். கடையில் எரியவிட்டு செல்போன் கேமராவில் பாருங்கள். கருங்கோடுகள் ஓடினால் வேண்டாம்.

பழையது சோக்கோடு சுமார் 50 வாட் இழுத்தது. தினம் 8 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் மிச்சம். கழற்றிய குழாயில் பாதரசம் இருப்பதால் உடைத்துக் குப்பைமேட்டில் போடக் கூடாது; அது எருவோடு வயலுக்குப் போகும்.

பெரியவர் இப்போது சுவிட்சை அணைத்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், புது விளக்கின் கீழும்.