ஆக்ரா யாத்திரையும் வாயில்லா ஜீவனும்

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஆக்ரா யாத்திரை ஒரு கடமையைப் போலவே ஆகிவிட்டது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால், இரண்டொரு நாளில் தாஜ்மகாலுக்குப் புறப்பாடுதான். சொந்தக் காரில் செல்வோர் சிலர், வீட்டில் தனியே விட மனமின்றி, வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். அன்பினால் செய்யும் அக்காரியம் துன்பத்தில் முடியாதிருக்க வேண்டுமானால், சில விஷயங்களை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

2012-இல் யமுனா விரைவுச் சாலை திறக்கப்பட்டபின் பலரும் அவ்வழியே செல்கின்றனர். ஆயினும், பழைய மதுரா சாலையில் நாம் நினைவுகூரத்தக்க ஓர் ஊர் உண்டு. ஃபரீதாபாத்தை அடுத்த பல்லப்கர்தான் அது. நெடுங்காலம் சென்னையில் இயங்கிவந்த இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2018-இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்தது. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பிராணிகளின் வதையைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாகவே 1960-இல் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த வாரியத்திற்கு அவரே முதல் தலைவரானார். பரத நாட்டியத்தின் பெயரால் அவரைப் போற்றும் நாம், இத்தொண்டையும் மறத்தலாகாது.

பல்வல், கோசி, மதுரா ஆகிய ஊர்களைக் கடந்து, சிக்கந்தராவில் அக்பர் சமாதியையும் கண்டு ஆக்ராவை அடையும்போது, மே, ஜூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனற்காற்று முகத்தில் அறையும். தாஜ்மகாலுக்கு மிக அருகில் பெட்ரோல், டீசல் வண்டிகள் செல்ல அனுமதியில்லை. சற்றுத் தொலைவிலேயே காரை நிறுத்திவிட்டு, நடந்தோ மின்சார வண்டியிலோ செல்ல வேண்டும். நாய்களுக்கோ உள்ளே அனுமதி கிடையாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

“கால் மணியில் திரும்பிவிடலாம்” என்று சொல்லித்தான் எவரும் காரைப் பூட்டுகின்றனர். சீட்டு வாங்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, பிறகு அந்த வெண்பளிங்கின் அழகு, புகைப்படம்! இரண்டு மணி நேரம் போனதே தெரிவதில்லை. பெரிய குடும்பமாயின் மற்றோர் அபாயமும் உண்டு. பின்னிருக்கையின் கீழே நாய் ஓசையின்றி உறங்கிக் கிடக்கும். தம்பி இறக்கியிருப்பான் என்று அண்ணனும், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று தம்பியும் நடந்துவிடுவர். 2023 ஜூலையில், தாஜ்மகாலைக் காணவந்த ஒரு குடும்பம் வாகன நிறுத்தத்தில் காருக்குள் விட்டுச்சென்ற நாய் இறந்துபோயிற்று.

இவ்வளவு விரைவில் உயிர் போவது எவ்வாறு? கண்ணாடி வழியே புகும் வெயில் இருக்கைகளைச் சூடாக்குகிறது; அந்தச் சூடு வெளியேற வழியில்லை. வெளியே 35 டிகிரி செல்சியஸ் இருக்குமாயின், 10 நிமிஷத்தில் உள்ளே 45-ஐ எட்டிவிடும். அரை மணியில் 50-ஐத் தாண்டும். ஜன்னலைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும் பயன் இல்லை. இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தை நம்புவதும் தகாது. அது இடையில் நின்றுபோகலாம். மனிதரைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது உடலைக் குளிர்விக்கிறது. மூடிய காரில் காற்று சூடேறி ஈரமும் மிகும்போது அந்த இரைப்பு பயன்படாது. 38, 39 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் வெப்பம் 41-ஐக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இன்னும் விரைவில் சோர்ந்துவிடும்.

ஆகவே, வெயில் நாளில் நாயை வீட்டிலேயே, நிழலும் நீரும் துணையும் இருக்குமாறு விட்டுச் செல்வதே உத்தமம். உடன் அழைத்துச் செல்லத்தான் வேண்டுமெனில், அதன் பொறுப்பைப் புறப்படும்போதே ஒருவர் பெயரில் ஒப்படைத்துவிடுங்கள். மற்றவர்கள் உள்ளே சென்று திரும்பும்வரை அவர் நாயுடன் வெளியே நிழலில் இருக்கட்டும். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். கைப்பையையோ நுழைவுச் சீட்டையோ பின்னிருக்கையில் நாயின் அருகே வைத்தால், அதை எடுக்கும்போது நாயும் கண்ணில் படும். வாடிய நாயைக் கண்டால் நிழலுக்குக் கொணர்ந்து, உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிருந்தால் சிறிது சிறிதாக நீர் கொடுத்து, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் சேருங்கள்.

1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிராணிகளை வதைக்கும் முதற்குற்றத்திற்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அத்தொகைக்கு அஞ்சி எவரும் விழிப்படையப் போவதில்லை. தாஜ்மகால் நூற்றாண்டுகளாக நிற்கிறது. நம் முறை வரும்வரை காத்திருக்கும். பூட்டிய காருக்குள் இருக்கும் ஜீவனால் அரை மணியும் காத்திருக்க இயலாது.